கமேலியாவுக்குச் சுண்ணாம்பு போடலாமா?

கேட்டவர் கோத்தகிரியில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர். வீட்டின் பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டி மூன்று கமேலியாவும் இரண்டு அசேலியாவும் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது. கமேலியா மொட்டு வைக்கிறது, விரியாமலே உதிர்ந்துவிடுகிறது. "இது அமில மண், சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும்" என்று பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர் சொல்கிறார். போடலாமா, மொட்டு ஏன் உதிர்கிறது, அடுத்த வீட்டில் இருக்கும் சிவப்புக் கமேலியாவில் குச்சி வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு ஒரு பிடி கூடப் போடாதீர்கள். டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்), அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள் எதுவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் செடிக்கு அமிலம் போதவில்லை. நீலகிரி மண்ணிலா போதவில்லை என்று கேட்பீர்கள். மலை மண்ணில் வேண்டிய அளவு இருக்கிறது. நீங்கள் செடி வைத்த அந்தச் சுவரோரத்தில்தான் இல்லை.

உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் தவறாகச் சொல்லவில்லை, அவர் தன் பயிருக்குச் சரியானதைச் சொல்கிறார். மண்ணின் அமிலத்தைச் சொல்லும் எண்தான் பி.எச்.; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் பி.எச். 6-க்கு மேலே இருந்தால்தான் நன்றாக வரும். மலை மண் 5-க்குப் பக்கத்தில் கிடக்கும். அதனால் போகத்துக்குப் போகம் சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டு மண்ணை மேலே தூக்குவது இங்கே காய்கறி விவசாயிகளின் வழக்கம். கமேலியா வேறு சாதி. அது தேயிலையின் கூடப்பிறந்தது, இரண்டும் ஒரே பேரினம். தேயிலை 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் செழிக்கும். கமேலியா 5.5 முதல் 6.5 வரை கேட்கும், 5 வரை தாங்கும். அசேலியாவும் ரோடோடென்ட்ரானும் இன்னும் புளிப்பு கேட்பவை, 4.5 முதல் 6-க்குள் இருக்க வேண்டும். பி.எச். கணக்கில் ஒரு எண் வித்தியாசம் என்றால் அமிலம் பத்து மடங்கு மாறுகிறது. 5.5-இல் இருந்து 7.5-க்குப் போன மண்ணில் அமிலம் நூறில் ஒரு பங்குதான் மிச்சம். காய்கறிக்காரர் சொன்ன அளவில் சுண்ணாம்பு போட்டீர்கள் என்றால், அதை வெளியே எடுக்க வழியே கிடையாது. மழை கரைத்துக்கொண்டு போகும் வரை சில வருடங்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த மலை மண் ஏன் அமிலமாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினப் பாறை. பழனி மலையிலும் அதேதான். அது லட்சக்கணக்கான வருடங்கள் மழையில் ஊறி மக்கி மண்ணாகும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்றவை நீரோடு இறங்கிப் போய்விட்டன. இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. மண்ணின் சிவப்பு அந்த இரும்பால் வருவது. மேலே குளிரில் மெல்ல மக்கிய இலையும் புல்லும் சேர்ந்து கருப்பாக ஒரு அடுக்கு. இந்த இரண்டும் சேர்ந்த மண்ணில்தான் தேயிலை, அசேலியா, கமேலியா, ரோடோடென்ட்ரான் எல்லாம் சொந்த ஊர் போல வேர் விடுகின்றன. சமவெளியில் இதே செடிகளை வளர்க்க நினைப்பவர்கள் மண்ணைத் தயாரிக்க எவ்வளவோ பாடுபடுகிறார்கள். நமக்கு அது இலவசமாகக் கிடைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது.

கெடுப்பது எது? பெரும்பாலும் வீடு. புதுக் கான்கிரீட்டின் பி.எச். 12-க்கு மேல். தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகள் வழியே முதல் சில வருடம் சுண்ணாம்பு கரைந்து வந்துகொண்டே இருக்கும். அந்தத் துளைக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் அதுதான் உங்கள் செடியின் வேருக்கும் போகிறது. இது போக, கட்டும்போது கலவை கலந்த இடம், பூச்சு வேலையில் உதிர்ந்த சிமென்ட், உடைந்த செங்கல், மிச்சச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் சுவருக்குப் பின்னால் தள்ளி, மேலே இரண்டு அங்குலம் நல்ல மண்ணைப் பரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். மேலே பார்த்தால் செம்மண், கடப்பாரையை இறக்கினால் ஜல்லி. மலையில் புது வீட்டுத் தோட்டங்களில் நான் பார்க்கும் மஞ்சள் கமேலியாக்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ஆனாலும் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். இலையை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். கிளை நுனியில் உள்ள புது இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் வலை பின்னியது போல் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு மலையளவு இருக்கும், ஆனால் பி.எச். ஏறியதும் அது கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேரால் எடுக்க முடியாது. இரும்பு செடிக்குள்ளும் ஓரிடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நகராது, அதனால் பழைய இலை பச்சையாகவே இருக்க, புதுத் தளிர்தான் முதலில் வெளுக்கும். இதற்கு நேர்மாறாக, அடிக்கிளையின் பழைய இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. பழைய இலையில் நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். இலை மஞ்சளாகாமல் மங்கிப்போய், மண் ஈரமாக இருந்தும் செடி தொங்கினால் வேரழுகல். அது நீர் தேங்குவதால் வருவது. இன்னொன்று, கமேலியா எப்போதும் பச்சையாக இருக்கும் செடி என்றாலும் ஒவ்வொரு இலைக்கும் இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். உள்பக்கத்துப் பழைய இலைகள் சில பழுத்து விழுவது இயல்பு. அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

நீங்கள் "புதுத் தளிர் மஞ்சள்" என்று எழுதியிருப்பதால்தான் சுவரைச் சந்தேகிக்கிறேன். உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. செடியின் அடியில் இருந்து அரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்துக் காயவைத்து, அதன் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே கிடக்கிறது என்று பொருள். நுரைக்கவில்லை என்பதால் பி.எச். சரி என்று ஆகிவிடாது. அதற்கு மண் பரிசோதனைதான் வழி. இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று செடி நிற்கும் இடத்தில், இன்னொன்று சுவரில் இருந்து பத்து பதினைந்து அடி தள்ளி யாரும் கைவைக்காத இடத்தில். ஒவ்வொன்றுக்கும் மேல் குப்பையை விலக்கி, அரை அடி ஆழம் வரை நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ நிழலில் உலர்த்திப் பையில் கட்டிக் கொடுத்தால் போதும். குன்னூரில் உள்ள, தோட்ட அதிபர்கள் சங்கமான யூபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், கோத்தகிரியில் இருந்து அதிகத் தூரமில்லை. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

கையில் பணமோ நேரமோ இல்லை என்றால் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் சாலையோரமெல்லாம் பந்து பந்தாக நீலப் பூ பூக்கிறதே, அதுதான். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் மண்ணின் அலுமினியம் கரைந்து செடிக்குள் போய்ப் பூவை நீலமாக்கும். மண் காரத்தின் பக்கம் நகர்ந்தால் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்பாகிவிடும். வேலியோரம் நீலமாகப் பூக்கும் அதே செடியின் குச்சி, வீட்டுச் சுவரோரம் வைத்த இடத்தில் ரோஸ் நிறத்தில் பூப்பதை மலையில் பல வீடுகளில் பார்க்கலாம். ஒரே புதரில் சுவர்ப் பக்கம் ரோஸ், வெளிப்பக்கம் நீலம், நடுவில் ஊதா என்று நிற்பதும் உண்டு. வெள்ளை ரகம் மட்டும் நிறம் மாறாது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மனை பழைய தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து விற்றது என்றால், பல வருடம் அம்மோனியம் சல்பேட் வாங்கிய மண்ணாக இருக்கலாம். அப்படிப்பட்ட மண் 4.5-க்கும் கீழே இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. தேயிலைத் தோட்டங்களே அந்த நிலையில் டோலமைட் போட்டுத்தான் திருத்துகின்றன. பரிசோதனை முடிவில் உங்கள் எண் 4.5-க்குக் கீழே வந்தால் மட்டும் கமேலியாவுக்கு அளவாகக் கொஞ்சம் டோலமைட் போடலாம். முடிவு கையில் இல்லாமல் போடக்கூடாது.

சரி, சுவரோர மண் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அப்புறம்? கந்தகத் தூள் போட்டு இறக்கலாமே என்று பலர் சொல்வார்கள். நல்ல மண் கொஞ்சம் மேலே போயிருந்தால் கந்தகம் வேலை செய்யும். ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் மேல் அரையடி மண்ணில் கலந்து, மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் கந்தகத்தை அமிலமாக்குகின்றன, நம் குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். அவசரப்பட்டு மேலும் மேலும் போட்டால் ஒரு நாள் எல்லாம் சேர்ந்து வேரைச் சுட்டுவிடும். ஆனால் மண்ணில் சிமென்ட் துண்டும் சுண்ணாம்பும் கிடக்கும்போது கந்தகம் போடுவது வீண். போடப் போட அது தின்றுகொண்டே இருக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு ஊற்றுவதும் அப்படித்தான், ஒரு வாரம் கூட நிற்காது. காபித் தூள் சக்கை அமிலம் என்று நம்புகிறார்கள். வடிகட்டிய பிறகு அதில் அமிலம் மிச்சம் இருப்பதில்லை. மக்கவைத்துப் போட்டால் நல்ல எரு, அவ்வளவுதான். படிகாரம் ஹைட்ரேஞ்சியாவை நீலமாக்க உதவும், ஆனால் அசேலியாவின் வேருக்கு அத்தனை அலுமினியம் ஆகாது.

என் யோசனை, செடிகளை இடம் மாற்றுங்கள். கமேலியாவும் அசேலியாவும் ஆழமாக வேர் விடுபவை அல்ல. ஒன்றரை வருடச் செடிக்கு வேர்ப்பந்து சிறியதாகத்தான் இருக்கும், தைரியமாகப் பெயர்க்கலாம். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதனால் செப்டம்பர் கடைசியில் மாற்றினால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். ஜூன் மாதமும் நல்லதுதான். ஜனவரியில் இருந்து மார்ச் வரை தொடாதீர்கள், இரவில் குளிர், பகலில் உலர் வெயில், செடிக்கு இரண்டும் சேர்ந்து தாங்காது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் ஜூலை கொட்டலைத் தவிர்த்து, தென்மேற்கு மழை தணிந்த பிறகு நடுவது நல்லது.

சுவரில் இருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி இடம் பாருங்கள். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் குழி போதும். ஆழத்தை விட அகலம்தான் முக்கியம். நம் செம்மண்ணில் குழி தோண்டி அதற்குள் மட்டும் பொலபொலவென்று எருக்கலவையை நிரப்பினால், சுற்றி உள்ள இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் மழை முழுவதும் அந்தக் குழிக்குள் வாளியில் நிற்பது போல் நிற்கும். கமேலியா வேரழுகி சாவது பெரும்பாலும் இப்படித்தான். தோண்டிய மண்ணையே உடைத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய இலை எரு கலந்து நிரப்புங்கள். சரிவு நிலம் என்பதால் குழிக்கு மேல்புறம் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் கீறிவிட்டால் மேலிருந்து வரும் தண்ணீர் விலகிப் போகும். மண் மிகவும் களியாக இருந்தால் குழியே வேண்டாம், ஒரு அடி உயரத்துக்கு மேடு கூட்டி அதன் மேல் வையுங்கள்.

நடும் உயரத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பையில் மண் மட்டம் எங்கே இருந்ததோ, அது தரையை விட ஒரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்தால் செடி வளரவும் செய்யாது, உடனே சாகவும் செய்யாது, வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். உங்கள் செடியிலும் இதைப் பார்த்துவிடுங்கள். பெயர்க்கும்போது வேர் பையின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தால், விரலால் பிரித்து வெளியே நீட்டிவிடுங்கள். முரட்டு வேர் என்றால் கத்தியால் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டால் போதும்.

தொட்டியில்தான் வைக்க முடியும் என்றால் மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ வாங்குங்கள். புதிதாக வார்த்த சிமென்ட் தொட்டி வேண்டாம், காரணம் உங்களுக்கே இப்போது தெரியும். இரண்டு பங்கு தேயிலைத் தோட்டத்துச் செம்மண், ஒரு பங்கு இலை எரு, ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு நல்ல கலவை. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலக்காதீர்கள், அதன் கல்மாவு வடிகாலை அடைக்கும். தண்ணீரும் கவனிக்க வேண்டிய விஷயம். மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, எந்தக் குறையும் இல்லை. புதுச் சிமென்ட் தொட்டியில் தேக்கிய தண்ணீர் முதல் சில மாதம் காரமாக இருக்கும். அதைவிட கூரையில் இருந்து பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்த மழை நீர் எவ்வளவோ மேல்.

இலை எருவுக்காக சோலைக்காட்டு மண்ணை மூட்டையாக வாங்காதீர்கள். மலையில் இதை விற்பவர்கள் இருக்கிறார்கள், கருகருவென்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்த அரை அடி மண் சேரத் தலைமுறைகள் ஆகியிருக்கும். அதை வாரி எடுத்த இடத்தில் சோலை மரத்தின் விதை விழுந்தாலும் முளைத்து நிற்காது. காப்புக்காட்டில் இருந்து எடுப்பது வனச் சட்டப்படி குற்றமும் கூட. உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை, வெட்டிப்போட்ட பெரணி, புல் இவற்றைக் கூடையில் போட்டு நனைத்து வைத்தால் ஒரு வருடத்தில் அதே தரத்தில் எரு கிடைக்கும்.

எருக்களில் நல்ல பெயர் உள்ள சிலது இந்தச் செடிகளுக்கு ஆகாது. கோழி எருவில் கால்சியம் அதிகம், முட்டைக் கோழிப் பண்ணை எருவில் இன்னும் அதிகம். நம் மலையில் மொட்டுக் காளான் பண்ணைகள் நிறைய, அங்கே அறுவடை முடிந்த எருவைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். காய்கறிக்கு அருமையான சரக்கு அது. ஆனால் காளான் வளர்க்க அதில் சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள், கமேலியாப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நன்றாக மக்கிய மாட்டெரு, குதிரை எரு போடலாம், பச்சையாகப் போடக்கூடாது.

உரம் என்றால் அம்மோனியம் சல்பேட் இந்தச் செடிகளுக்குப் பொருத்தம். தழைச்சத்தும் கொடுக்கும், மண்ணையும் புளிப்பாகவே வைத்திருக்கும். சிறு செடிக்கு 10 கிராம், தண்டுக்கு ஒட்டாமல் சுற்றித் தூவி, ஈரம் இருக்கும்போது கொடுங்கள். பூத்து முடிந்ததும் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை போதும். செப்டம்பருக்குப் பிறகு வேண்டாம், இளந்தளிர் விட்டு பனியில் கருகும். சாம்பல் சத்து தேவைப்பட்டால் பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள். வழக்கமாகக் கடையில் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, அசேலியாவின் மெல்லிய வேர் அதைத் தாங்காது. இடம் மாற்றியும் தளிர் வெளுப்பாகவே இருந்தால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, மாலையில் இலையில் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, பார்த்துக்கொள்ளுங்கள். இது தற்காலிக நிவாரணம்தான். ஏற்கெனவே வெளுத்த இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம், அடுத்த தளிர் எப்படி வருகிறது என்பதை வைத்துத்தான் தேறியதா என்று சொல்ல முடியும்.

இப்போது மொட்டு உதிர்வு. இதில் மண்ணுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் பெரிய காரணம் தண்ணீர் என்று நினைக்கிறேன். கமேலியா பூப்பது பனிக்காலத்தில் என்றாலும் மொட்டுக்கரு உருவாவது கோடை கழிந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அது பருத்து விரிவது நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை. மலையில் ஜனவரி பிறந்ததும் என்ன நடக்கிறது? மழை நின்றுவிடுகிறது. காலையில் புல்லெல்லாம் பனி, நமக்குக் குளிர்கிறது, ஈரமாக இருப்பது போலவே தோன்றும். தண்ணீர் விட யாருக்கும் கை வராது. ஆனால் பத்து மணிக்கு மேல் அடிக்கும் வெயில் இந்த உயரத்தில் கடுமையானது, காற்றும் உலர்ந்தது. மேல் மண்ணில் படர்ந்திருக்கும் கமேலியா வேருக்கு எட்டும் ஆழம் காய்ந்து கிடக்கும். மொட்டின் காம்பு அப்போதுதான் விடுபடும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செருகிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை செடிக்கு ஒரு குடம் என்ற அளவில், டிசம்பர் நடுவில் இருந்து கோடை மழை வரும் வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பது பயன்படாது.

கூடவே மூடாக்கு. பைன் ஊசியிலை, தேயிலைக் கவாத்துக் குச்சி, சில்வர் ஓக் இலை எது கிடைக்கிறதோ அதை மூன்று அங்குலம் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் இடைவெளி விட்டு. வேருக்குப் பக்கத்தில் களைக்கொத்து போடவே கூடாது, களையைக் கையால் பிடுங்குங்கள். நுனியில் இரண்டு மூன்று மொட்டு ஒட்டி இருந்தால் ஒன்றை விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிட்டால் மிஞ்சியது பெரிதாக விரியும். இளஞ்செடிக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன், ஒரு முழம் உயரச் செடி இருபது மொட்டைச் சுமந்தால் பாதியை அதுவே தள்ளிவிடும்.

பனியும் மொட்டைக் கொல்லும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர்தான், ஊட்டி அளவுக்கு உறைபனி விழாது. ஆனாலும் பள்ளத்தில் வீடு என்றால் கவனம் தேவை, குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல் சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும். ஊட்டியில் தலைக்குந்தாவும் காந்தலும், கொடைக்கானலில் ஜிம்கானாவும் கீழ்பூமியும் முதலில் வெள்ளையாவது அதனால்தான். உறைந்த மொட்டின் மேல் நேராகக் காலை வெயில் பட்டால் பழுப்பாகி விழும், மெல்ல உருகினால் பிழைக்கும். எனவே கிழக்கு வெயில் சுள்ளென்று விழாத இடம் தேடுங்கள். சில்வர் ஓக்கின் சல்லடை நிழல் மிகவும் ஏற்றது. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸின் அடியும், சீகை மரம் என்கிற வாட்டிலின் அடியும் வேண்டாம், அவற்றின் வேர் கமேலியாவுக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பார்கள். உங்கள் ஊர்ச் செடிதானே, டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதையே பயன்படுத்துங்கள்.

வெட்டுவதாக இருந்தால் பூத்து முடிந்த உடனே, ஏப்ரலுக்குள். தேயிலைக் கவாத்து தெரிந்தவரிடம் விட்டால் இடுப்பு உயரத்தில் மட்டமாகச் சீவிவிடுவார், அதைச் சொல்லித் தடுங்கள். காய்ந்த குச்சி, உள்ளே குறுக்கே போகும் கிளை, இவற்றை எடுத்தால் போதும். ஜூலைக்குப் பிறகு கத்தி வைத்தால் வெட்டி எறிவது அந்த வருடத்துப் பூவைத்தான்.

பூச்சியைப் பற்றி அதிகம் பயம் வேண்டாம். இலை மேல் கரும்பூசணம் படிந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள், செதில் பூச்சி ஒட்டியிருக்கும். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தால் போகும். உலர் மாதங்களில் இலை வெண்கல நிறமானால் சிவப்புச் சிலந்தி, இலையின் இரு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அசேலியா இலை தடித்து வெளுத்துச் சதைபோல் உப்பினால் கிள்ளி எரித்துவிடுங்கள். தேயிலையில் கொப்புள நோய் தரும் பூசணத்தின் சொந்தம் அது, ஈரக்காலத்தில் வரும். அசேலியாவுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அதன் இலையும் பூவும் ஆடு மாட்டுக்கு விஷம், வெட்டிய கிளையை வேலிக்கு வெளியே வீசக் கூடாது.

அசேலியா பிடித்திருந்தால் அதன் பெரிய உறவையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். தொட்டபெட்டா, அவலாஞ்சிப் பக்கம் புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவில் ஜனவரி முதல் மார்ச் வரை செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசு, நம் மலைக்கே உரிய ரோடோடென்ட்ரான். இலங்கை மலைகளில் இருப்பதை விட்டால் அதன் நெருங்கிய உறவுகள் இமயமலையிலும் அதற்கு அப்பாலும்தான் இருக்கின்றன, நமக்கும் இமயமலைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. காட்டில் இருந்து பிடுங்கி வந்தால் பிழைக்காது. அது சட்டப்படியும் தவறு. நாற்றங்காலில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். கமேலியா வயதாகி எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசை இருந்தால் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பனிக்காலத்தில் போங்கள். 1874-இல் தொடங்கிய பூங்கா, கமேலியா அங்கே பழைய குடி.

கடைசியாகக் குச்சி. அடுத்த வீட்டுச் செடியில் தாராளமாக எடுக்கலாம். விதையில் இருந்து வளர்த்தால் தாயின் பூ வராது, பூக்கவும் பல வருடம் ஆகும். குச்சியில் இருந்து வந்தது இரண்டு மூன்று வருடத்தில் அதே சிவப்பைப் பூக்கும். தேயிலை நாற்றங்காலில் வேலை பார்த்த ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், அவரை அழையுங்கள். ஒற்றை இலைக் குச்சி போடும் அதே முறைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இந்த வருடத் தளிரில் பச்சைப் பட்டை பழுப்பாகத் திரும்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு மொக்கு, கீழே ஒன்றரை அங்குலத் தண்டு, அடியில் சாய்வாக ஒரே வெட்டு. மொக்கு கூர்மையாக ஒல்லியாக இருக்க வேண்டும், உருண்டையாக இருந்தால் அது பூமொட்டு. பையில் அடிமண்ணும் மணலும் சமமாக நிரப்புங்கள், எரு துளியும் வேண்டாம், இருந்தால் வெட்டுவாய் அழுகும். அடிமண்ணை வீட்டோரம் எடுக்காமல் தேயிலை நிலத்தில் இருந்து எடுங்கள். இலை மண்ணில் படாமல் செருகி, நனைத்து, மூங்கில் வளைத்து மேலே பாலிதீன் போர்த்தி, முழு நிழலில் வையுங்கள். இரண்டரை மூன்று மாதத்தில் வேர் வரும். உடனே திறந்துவிடாமல் போர்வையின் ஓரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாக உயர்த்திக் காற்றுக்குப் பழக்குங்கள். முதல் பனிக்காலத்தை நாற்று பையிலேயே, கூரைக்கு அடியில் கழிக்கட்டும். பத்துக் குச்சி போட்டால் பாதி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, வேண்டியதைப் போல் இரண்டு மடங்காகப் போடுங்கள். பிடித்ததை அடுத்த ஜூனில், சுவரில் இருந்து ஐந்தடி தள்ளி, நிலத்துக்கு மாற்றலாம்.